பருவமழைக்கும் கத்திரி வெயிலுக்கும் ஏற்ற கைவிளக்கு: உயர்விலை டார்ச் லைட்டைச் செப்பனிடும் முறை

தனித்தனியாகக் கடைந்து கையாலேயே கோத்து முடிக்கப்படும் உயர்விலை டார்ச் லைட்டுகள் இன்று டைட்டானியம், செம்பு, பித்தளை ஆகிய உலோகங்களில் கண்ணைக் கவரும் வடிவங்களில் கிடைக்கின்றன. ஹவாயில் டான் மெக்லீஷ் செய்த மெக்கிஸ்மோ வகை டைட்டானிய விளக்குகள் இத்துறையில் பெயர்பெற்றவை. ஆயினும் விளக்குகளின் வெளிச்சத்தையும் எரிநேரத்தையும் அளப்பதற்கான சோதனைகள் பொதுவாக மிதமான அறை வெப்பநிலையில் நடப்பவை என்பதால், அவ்வெண்கள் தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களிலும் அப்படியே பொருந்துவதில்லை. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. மழை கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கி, மின்சாரம் நாள்கணக்கில் இல்லாமற்போனதும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததும் இப்பகுதியினர் அறிந்தவை. அத்தகைய இரவில் முதல் நிமிடம் மட்டும் ஆயிரம் லூமென் கொட்டிவிட்டு மங்கும் விளக்கைவிட, முந்நூறு லூமெனை மூன்று மணி நேரம் தளராமல் தரும் விளக்கே பயன்படும். ஆதலால் வெப்பம், மின்தொடர்பு, நீர்க்காப்பு ஆகிய மூன்றையும் முதலில் சீர்செய்து, வெளிச்சத்தைக் கூட்டும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்வதே முறை.

எதையும் கழற்றுவதற்கு முன் விளக்கின் தற்போதைய நிலையை அளந்து எழுதிவைக்க வேண்டும். கதவும் சன்னலும் மூடிய இருட்டறையில் விளக்கை வெள்ளைக் கூரையை நோக்கி நிறுத்தி, ஒளியளவு காட்டும் செயலி உள்ள கைப்பேசியைச் சற்றுத் தள்ளி ஒரே இடத்தில் வைத்து, முழுதும் ஏற்றிய மின்கலத்துடன் 30 நொடி, 1, 3, 5, 10 நிமிடங்களில் காட்டும் எண்களைக் குறித்துக்கொள்ளலாம். முதல் அளவு 30 நொடியில் எடுக்கப்படுவதற்குக் காரணம், எஃப்எல்1 என்னும் அமெரிக்கத் தரநிலையும் விளக்கை ஏற்றிய 30 நொடிக்குப் பிறகே வெளிச்சத்தை அளக்கச் சொல்வதாகும். கைப்பேசி காட்டுவது உண்மையான லூமென் அன்று என்றாலும், முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கு அது போதும். ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு இதே அளவீட்டைத் திரும்ப எடுத்தால்தான் எந்த மாற்றம் பயன் தந்தது என்பது தெரியும்.

வெப்பம்தான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. எல்இடி உட்கொள்ளும் மின்சாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு வெப்பமாகவே மாறுகிறது. அவ்வெப்பம் எல்இடிச் சில்லிலிருந்து அதைத் தாங்கும் உலோகத் தட்டுக்கும், தட்டிலிருந்து விளக்கின் தலைப்பகுதிக்கும், அங்கிருந்து பிடித்திருக்கும் கைக்கும் காற்றுக்கும் செல்ல வேண்டும். இவ்வழியில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு தடை. எனவே எல்இடியைத் தாங்கும் தட்டு செம்பினால் ஆனதா என்பதையும், சில்லின் நடுத்தளம் இடையில் காப்புப் படலம் இல்லாமல் நேரே செம்பின்மேல் அமர்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். பழைய அலுமினியத் தட்டுகளில் இவ்விரண்டுக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அத்தகைய தட்டை மாற்றிவிடுவதே நல்லது.

அடுத்து, தட்டின் அடிப்பகுதியைச் சமன்படுத்த வேண்டும். தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் நீரில் நனையும் உப்புத்தாளை விரித்து, 400, 1000, 2000 என்ற கிரிட் வரிசையில் அதை எட்டு வடிவில் தேய்த்துவர வேண்டும். தேய்ப்பதற்கு முன் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுவைத்தால், சில இழுப்புகளுக்குப் பின்னும் மை எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். வெப்பப் பசையைப் பூசும்போது பலரும் தாராளம் காட்டுகிறார்கள். செம்பின் வெப்பங்கடத்துதிறன் மீட்டர்–கெல்வினுக்கு 390 வாட் அளவில் இருக்க, பசையினுடையதோ பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். ஆகவே உலோகங்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடுக்குகளை நிரப்பும் அளவுக்குமேல் பசை வைத்தால் அதுவே தடையாகிவிடும்.

உடலின் உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அழகும் பயனும் மோதிக்கொள்கின்றன. விலையுயர்ந்த விளக்குகளில் விரும்பப்படும் ஐந்தாம் தர டைட்டானியக் கலவையின் வெப்பங்கடத்துதிறன் ஏறத்தாழ 7 வாட் மட்டுமே. சாதாரண 6061 அலுமினியத்துக்கோ அது 167. டைட்டானிய உடலைக் கைவிட மனமில்லாதவர், தலைப்பகுதியின் உட்புறத்தில் செம்பு உள்ளீடு ஒன்றைக் கடைந்து இறுக்கிப் பொருத்திக்கொள்ளலாம். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கமோ திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையிலோ துல்லியமாக வேலை செய்யும் லேத் பட்டறைக்காரரிடம், 25 மி.மீ. விட்டத்துக்கு உள்ளீடு 0.02 முதல் 0.03 மி.மீ. வரை பெரிதாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கண்ணாடி, ரப்பர் வளையம், மின்சுற்று அனைத்தையும் அகற்றிய வெற்று டைட்டானியத் தலையை ஓவனில் 180 பாகைக்குச் சூடாக்கினால் அதன் துளை சுமார் 0.03 மி.மீ. விரியும்; செம்பை ஃப்ரீசரில் வைத்தால் அது 0.02 மி.மீ. சுருங்கும். கிடைக்கும் இந்த இடைவெளியில், தடித்த கையுறை அணிந்து, தயங்காமல் ஒரே மூச்சில் உள்ளே இறக்கிவிட வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் செம்பு சூடேறி அங்கேயே இறுகிக்கொள்ளும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த செம்பின்மேல் இவ்வூர்க் காற்றின் ஈரம் உடனே படியும் என்பதால், இறக்குவதற்கு முன் ஒரு முறை துடைப்பது கட்டாயம். சூடு ஏறும்போது செம்பு டைட்டானியத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், விளக்கு எரிய எரிய இந்த இணைப்பு மேலும் இறுகுமேயன்றித் தளராது.

வெப்பக் கட்டுப்பாட்டை அமைப்பது அடுத்த படி. மின்கலத்திலிருந்து எல்இடிக்குச் செல்லும் மின்னோட்டத்தை ஆளும் சிறு சுற்றுப்பலகையை டிரைவர் என்பர். நல்ல டிரைவரில் வெப்ப உணரி ஒன்று இருந்து, குறித்த எல்லையைத் தொட்டதும் வெளிச்சத்தைத் தானே குறைக்கும். ஆண்டுரில் போன்ற திறந்தமூல மென்பொருள் உள்ள விளக்குகளில் இந்த எல்லையையும், உணரி காட்டும் அளவையும் பயனரே திருத்திக்கொள்ளலாம். எல்லை 45 பாகை என்று இருந்தால், கத்திரி வெயில் காலத்தில் இரவிலும் 34 பாகை இருக்கும் அறையில் மிஞ்சுவது 11 பாகை மட்டுமே. விளக்கு சில நிமிடங்களில் மங்கிவிடும், அதைப் பழுது என்று எண்ணிப் பட்டறைக்குக் கொண்டுபோவோரும் உண்டு. விளக்கை அணைத்து ஓரிரு மணி நேரம் ஆறவிட்டு, உண்மையான அறை வெப்பநிலையை வெப்பமானியில் பார்த்து அதையே பதிந்து, எல்லையை 50 பாகையளவில் வைப்பது இவ்வூருக்குப் பொருந்தும். அதற்கு மேல் கையால் பிடிப்பது கடினம், மின்கலத்துக்கும் நல்லதன்று.

மின்தொடர்பில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் விடப்படுவது வால்பகுதியில் இருக்கும் ஸ்பிரிங். எஃகு ஸ்பிரிங்கின் மின்தடை 50 மில்லி ஓம் என்றால், 5 ஆம்பியர் ஓடும்போது 0.25 வோல்ட் அங்கேயே குறைந்து, 1.25 வாட் வீணாகி, ஸ்பிரிங்கும் சூடாகி நெகிழும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையில் இவ்வளவு சிறிய தடை தெரியாது. ஆகவே மின்வழங்கியில் 1 ஆம்பியர் என நிறுத்தி ஸ்பிரிங் வழியே செலுத்தி, அதன் இரு முனைகளுக்கிடையே எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். 40 மில்லிவோல்ட் என்றால் தடை 40 மில்லி ஓம். இதைச் சரிசெய்ய, சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் சிலிக்கான் உறையிட்ட 22 கேஜ் செம்புக் கம்பியில் 3 செ.மீ. வெட்டி, ஸ்பிரிங்கின் உள்ளே அடியிலிருந்து நுனிவரை சால்டர் செய்துவிடலாம். அந்தக் கம்பியின் தடை 2 மில்லி ஓமுக்கும் குறைவு. ஸ்பிரிங் அமுங்கும்போது கம்பி மடங்க இடம் வேண்டுமாதலால் சற்றுத் தளர்வாக விட வேண்டும். சால்டர் இரும்பை நெடுநேரம் வைத்து ஸ்பிரிங்கின் விறைப்பைப் போக்கிவிடவும் கூடாது. மரைகளையும் உடலின் விளிம்புகளையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் கறுப்பை நீக்குவதும் இந்தப் படியைச் சேர்ந்ததே.

இனி நீர்க்காப்பு. உடலின் மூட்டுகளில் இருக்கும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் அமுக்கப்பட்டால்தான் நீரைத் தடுக்கும், 1.5 மி.மீ. தடிமனுள்ள வளையத்துக்குக் குழிவின் ஆழம் ஏறத்தாழ 1.2 மி.மீ. இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும், அதுவே போதுமான அளவு. கையால் செய்த விளக்குகளில் இக்குழிவு ஒரே சீராக இல்லாமலிருப்பது புதிதன்று என்பதால், வெர்னியர் கொண்டு மூன்று இடங்களில் அளந்து பார்ப்பது நல்லது. ஐபிஎக்ஸ் 7 என்ற குறியீடு, 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. ஆனால் அச்சோதனை குளிர்ந்த விளக்குக்கு உரியது. எரிந்துகொண்டிருந்த விளக்கு வெள்ளநீரில் நழுவினால், உள்ளே 60 பாகையில் இருந்த காற்று 28 பாகைக்குக் குளிர்ந்து, அதன் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அந்த உறிஞ்சல் 1 மீட்டர் நீர்மட்டத்தின் அழுத்தத்துக்கு ஈடானது. கணுக்கால் அளவு நீரில் விழுந்த விளக்கிலும் நீர் புகுவதற்கு இதுவே காரணம். எனவே மின்கலத்தை எடுத்துவிட்டு, உள்ளே உலர்ந்த டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து மூடி, விளக்கை மதிய வெயிலில் நன்றாகச் சூடேறவிட்டு, அப்படியே நீர் நிறைந்த டிரம்மில் அமிழ்த்தி அரை மணி நேரம் கழித்துத் தாளில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. இது குடிநீர்ச் சம்பில் செய்யும் வேலையன்று.

ஈஞ்சம்பாக்கம், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் வாழ்வோர் உலோகச் சேர்க்கையையும் கவனிக்க வேண்டும். செம்புத் தலையும் அலுமினிய உடலும் நேரே தொடும் இடத்தில் உப்பு கலந்த ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். டைட்டானிய மரைமேல் டைட்டானிய மரை உராய்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிய்த்து ஒட்டிக்கொள்ளும்; அங்கே நல்ல கிரீஸ் இல்லாமல் திருகக் கூடாது.

இவையெல்லாம் முடிந்த பின்பே ஒளியைப் பற்றி எண்ணலாம். லூமெனைக் கூட்டுவதைவிட நிறங்களை உள்ளபடி காட்டும் எல்இடிக்கு மாறுவதே மேலான மாற்றம். ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தின் 519ஏ போன்றவை நிறக்காட்டு எண் 90க்கு மேல் உள்ளவை. மின்தடையின்போது சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மும்முனைக் கம்பிகளைப் பிரித்தறியவும், ஈரத்தரையில் கிடப்பது பாம்பா கயிறா என்று தெரியவும் அது உதவும். பூச்சில்லாத கண்ணாடி, இரு பரப்பிலுமாகச் சுமார் 8 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடுவதால், எதிரொளி தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியைப் போடுவதும் எளிய ஆதாயம். கடற்கரையில் நடப்போருக்குத் தனிச் சிவப்பு எல்இடி ஒன்றும் தேவை: பெசன்ட் நகர்–நீலாங்கரைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் சனவரி முதல் ஏப்ரல் வரை, அங்கு 1988 முதல் மாணவர் அமைப்பொன்று ஆமைகளைக் காக்க இரவுநடை நடத்திவருகிறது; ஆமைகளின் கண் நீண்ட அலைநீள ஒளியைக் குறைவாகவே உணரும், வெள்ளொளியோ குஞ்சுகளைத் திசைதிருப்பிவிடும். தொலைவு பாயும் கற்றை உள்ள விளக்கை வானத்தை நோக்கிப் பிடிக்கவே கூடாது. ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையமும் மறுபக்கம் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கும் பகுதி இது.

மின்கலத்தில் ஏமாறாமல் இருப்பதற்கு ஒரு தராசு போதும். 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட 18650 வகை மின்கலத்தின் உண்மையான கொள்ளளவு பொதுவாக 3,500 மில்லி ஆம்பியர்-மணிக்கு அருகில் நின்றுவிடும். 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். தரமான கலம் 45 முதல் 50 கிராம் வரை எடை காட்டும். காப்புச்சுற்று சேர்ந்த கலங்கள் 65 மி.மீ.யைவிடச் சில மில்லிமீட்டர் நீளமானவை என்பதால், குழலின் உள்நீளத்தை அளந்த பிறகே வாங்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் பிற்பாதியில் தொடங்குகிறது. ஓ-ரிங் மாற்றுவது, கிரீஸ் பூசுவது, கலங்களை ஏற்றிவைப்பது ஆகிய வேலைகளைச் செப்டம்பருக்குள் முடித்து, டிரம் சோதனையை மறுபடி ஒரு தடவை செய்துவிடுங்கள்.