கவர் வாசிக்க வந்த கண்ணுகளுக்கு

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கானமேளாக் குழுக்களில் முப்பது வருஷம் பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். பாலக்காட்டில் கோயில் வேலா, மூணாறிலும் வண்டிப்பெரியாற்றிலும் எஸ்டேட் மாரியம்மன் திருவிழா என்று மேடைதான் மாறும். பாட்டு எப்போதும் அடுத்தவர் பாட்டு. பழைய ஃபங்க் பாட்டுகளின் கவர்களை எப்படி ஒப்பிட்டுக் கேட்பது என்று கேட்டீர்கள். எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

1. முதல் தடவை பாடுகிறவரை விட்டுவிடுங்கள். குரல் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். பேஸ், டிரம்ஸ் இரண்டையும் மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். பேஸ்காரன் வேறென்ன சொல்வான் என்று சிரிக்காதீர்கள். ஃபங்கில் வீடே அதன் மேல்தான் நிற்கிறது.

2. ‘ஒன்று’ எங்கே விழுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் அதுவரை இரண்டாவது, நான்காவது தட்டில் இருந்த அழுத்தத்தை ஜேம்ஸ் பிரவுன் முதல் தட்டுக்குக் கொண்டுவந்தார். 1967-ல் வந்த ‘கோல்ட் ஸ்வெட்’டைக் கேட்டால் தெரியும். பாலக்காடு மணி ஐயரின் மண்ணில் இதை விளக்கவே வேண்டாம். தனியாவர்த்தனம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, கோர்வை முடிந்து இடத்தில் வந்து விழும்போது தொடையில் தட்டுகிறோமே, அதே காதுதான் இதற்கும் வேண்டும். கவர் வாசிக்கிறவர்கள் பலர் எல்லாத் தட்டையும் ஒரே பலத்தில் அடித்து அந்த ‘ஒன்றை’க் கரைத்துவிடுகிறார்கள்.

3. எது மூலம் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். ‘சன்னி’ போனி எம் பாட்டுதான் என்று ஒரு டீக்கடையில் இரவு முழுக்க வாதாடியவன் நான். போனி எம் பாடியது 1976-ல். பத்து வருஷம் முன்பே பாபி ஹெப் பாடிவிட்டார். ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’கூட ஜமைக்காவின் மெலோடியன்ஸ் 1970-ல் பாடியது. நம் கைக்கு முதலில் வந்த கேசட்டுக்கும் முதலில் பிறந்த பாட்டுக்கும் சம்பந்தமில்லை.

4. ஒரே ஒரு ஜோடியைத்தான் எடுப்பேன் என்றால் ‘ஹையர் கிரவுண்ட்’டை எடுங்கள். 1973-ல் ஸ்டீவி வொண்டர் அதில் எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்தார். கிளாவினெட் என்னும் சாவிப்பலகை வாய் திறந்து மூடுவதுபோல் ‘வாவ், வாவ்’ என்று பேசிக்கொண்டே இருக்கும். தாளம் ஊஞ்சல் மாதிரி ஆடும். 1989-ல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் அதே பாட்டை எடுத்தபோது, அந்தக் கிளாவினெட் பேச்சை அவர்களின் பேஸ்காரர் ஃப்ளீ கட்டைவிரலால் பேஸ் கம்பியில் அடித்துக் காட்டினார். சாவிப்பலகையின் வேலை கம்பிக்கு வந்துவிட்டது. வேகமும் கூடியது. ஊஞ்சல் கொஞ்சம் குறைந்தது என்பது என் கட்சி. என் கூட்டாளி ஒருவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பீடு என்றால் இப்படித்தான்: எந்த வேலை யார் கைக்குப் போனது, போகிற வழியில் எது சிந்தியது என்று பார்ப்பது.

5. சொல் பெரிதாக மாறாவிட்டாலும் சொல்கிற ஆள் மாறுவார். ‘ரெஸ்பெக்ட்’ ஃபங்க் அல்ல, அதற்கு அக்கா முறை. 1965-ல் ஓட்டிஸ் ரெடிங் பாடியபோது, வீடு திரும்பும் ஆண் மரியாதை கேட்டான். 1967-ல் அரீதா ஃபிராங்க்ளின் பாடியபோது பெண் கேட்டாள். அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக உடைத்துச் சொன்னாள். பாட்டே அவளுடையதாகிவிட்டது.

மெட்டு அப்படியே இருக்க, சொல் மாறுவதற்கும் மலையில் நமக்கே ஒரு கதை உண்டு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் வரதராசன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். ஊருக்குத் தெரிந்த சினிமா மெட்டுகளில் கட்சி வரிகளைப் போட்டுப் பாடுவது அவர் வழக்கம். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு மெட்டைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லையே.

6. வெட்டி ஒட்டியதைக் கவர் என்று சொல்லாதீர்கள். ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் அடித்த சில விநாடித் துண்டு எத்தனையோ ஹிப்ஹாப் பாட்டுகளுக்குள் போய் உட்கார்ந்தது. பாட்டை இயற்றியவர் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இல்லை. நம் பக்கத்துப் பாட்டுக்கும் இது நடந்தது. இடுக்கி மலையிலிருந்து கிழக்கே இறங்கினால் பாவலரின் ஊர் பண்ணைப்புரம். அந்தப் பாவலரின் தம்பி இளையராஜா ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்துக்குப் போட்ட ஒரு பாட்டின் துண்டை 2003-ல் பிளாக் ஐட் பீஸ் ‘எலிஃபங்க்’ தொகுப்பில் வைத்தார்கள். ஃபங்க் இங்கே வந்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். இங்கிருந்து போனதையும் சொல்லுங்கள்.

7. ‘கெடுத்துட்டான்’ என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் பாடியது பெரும்பாலும் முன்னோர் இயற்றியதுதான். யாரும் அதைக் கவர் என்று இளக்காரமாகச் சொன்னதில்லை.

8. மேடையும் பாட்டை மாற்றும். வண்டிப்பெரியாற்றுப் பக்கம் ஒரு திருவிழாவில் பாட்டு நடுவே கரண்டு போய்விட்டது. பேஸ் செத்தது, கீபோர்டு செத்தது. பந்தலுக்குப் பின்னால் தீயில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்த நாலு பேர் எழுந்து வந்து தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் அழுத்திய இடத்தில் அவர்கள் விட்டார்கள். நாங்கள் விட்ட இடத்தில் அடித்தார்கள். பாடகர் மைக் இல்லாமலே பாடினார், ஜனம் ஆடியது. கரண்டு திரும்பி வந்த பிறகும் எங்கே நுழைவது என்று தெரியாமல், கம்பியில் விரலை வைத்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.