முதல் வீடு வாங்குமுன்: கைப்பணமும் காத்தாவும்

லிங்கராஜபுரத்திலும் அதையொட்டிய கம்மனஹள்ளி, பாணஸ்வாடி பகுதிகளிலும் வாடகை வீட்டிலேயே காலத்தைக் கழித்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று சம்பாதிக்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் ‘சொந்தமாக ஒரு ஃபிளாட்’ என்ற பேச்சு எழுவது இயல்பே. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் சிலர் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். அண்மையில் வந்த ஓர் இளந்தம்பதியின் கணக்கை வைத்தே இப்பாடத்தை எழுதுகிறேன்.

அவர்கள் பார்த்திருந்த ஃபிளாட்டின் விலை 60 லட்சம். கையிருப்பு, குடியிருக்கும் வீட்டுக்கு லீஸாகக் கொடுத்திருந்த 8 லட்சமும், தெருவில் ஒரு பெரியம்மா நடத்தும் சீட்டும். “மீதியை பேங்கு குடுத்துடும் இல்லையா அங்கிள்?” என்றார் அந்தத் தம்பி.

கொடுக்காது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், அதற்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம் வரையிலுமே வங்கி தரலாம். அதாவது 60 லட்ச வீட்டுக்கு அதிகபட்சம் 48 லட்சம். மீதி 12 லட்சம் நம் கைப்பணம். பத்திரச் செலவு இதில் சேராது. கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம். அதன்மேல் செஸ், சர்சார்ஜ் சேர்ந்து 5.6 ஆகிறது. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் இறுதியில் 1 சதவீதத்திலிருந்து 2 ஆக உயர்ந்துவிட்டது. ஆக 7.6 சதவீதம், 60 லட்சத்துக்கு 4 லட்சத்து 56 ஆயிரம். கட்டி முடியாத ஃபிளாட் என்றால் ஜி.எஸ்.டி. வேறு. வக்கீல் கட்டணத்தையும் மரவேலையையும் விட்டுவிட்டாலும் பதினாறரை லட்சத்துக்கு மேல் ரொக்கம் வேண்டும்.

மாதம் 20,000 ரூபாயை ஆறரை சதவீத வட்டியில் ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டால் ஐந்தாண்டில் சுமார் 14 லட்சம் சேரும். மெதுவான வழிதான். ஆனாலும் பதிவு செய்யாத சீட்டைவிட இதுவே மேல் என்பேன். சீட்டுதான் கைவந்த பழக்கம் என்பவர்கள் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டில் சேரலாம். கர்நாடக அரசின் எம்.எஸ்.ஐ.எல். நிறுவனமே சீட்டு நடத்துகிறது.

லீஸ் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் ஒத்தி, போக்கியம் என்போமே, அதே ஏற்பாடுதான். மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையின்றி இருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்குவது. சேமிக்க நல்ல வழியென்று பலர் நம்புகிறார்கள். வீட்டுக்காரர் அந்த வீட்டை ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்துத் தவணை கட்டத் தவறினால், 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டை ஏலம் விடலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வங்கியோடு வழக்காடுவது கடினம். இன்னொன்று, இந்தப் பணம் நாம் கேட்ட தேதியில் கிடைக்கும் என்று எண்ணி ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடக்கூடாது. அடுத்த லீஸுக்கு ஆள் வந்தால்தான் பல வீட்டுக்காரர்கள் கையில் காசு புரளும்.

கடன் தவணையையும் பார்ப்போம். எட்டரை சதவீத வட்டியில் 40 லட்சத்துக்கு 20 ஆண்டு என்றால் மாதம் சுமார் 34,700 ரூபாய். 15 ஆண்டு என்றால் 39,400. மாதம் 4,700 கூடுதலாகக் கட்டினால் மொத்த வட்டியில் 12 லட்சத்துக்கு மேல் மிச்சம். இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் கடன் வாங்கும்போது, பிள்ளை பிறந்து ஒருவர் ஓராண்டு வீட்டிலிருந்தால் தவணையை எப்படிக் கட்டுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இதைப் பேசாமலே கையெழுத்துப் போட வருபவர்கள்தான் அதிகம்.

இனி பத்திரங்கள். நம்மவர்கள் ஊர்ப் பழக்கத்தில் ‘பட்டா இருக்கா?’ என்று கேட்பார்கள். இங்கு கேட்க வேண்டியது காத்தா. இது சொத்து வரிக்காக மாநகராட்சி வைத்திருக்கும் கணக்கு. உரிமைப் பத்திரம் அன்று. ‘ஏ’ காத்தா முறையான சொத்துக்கு உரியது. அங்கீகாரமில்லாத மனையும் கட்டடமும் ‘பி’ பதிவேட்டில் இருக்கும். ‘பி’ காத்தாவுக்குப் பெரும்பாலான வங்கிகள் கடன் தருவதில்லை. விலை குறைவதன் காரணமும் அதுவே. 2024 இறுதியிலிருந்து பெங்களூரில் இ-காத்தா இல்லாமல் கிரயம் பதிவாகாது.

எட்டு வீட்டுக்கு மேலும், 500 சதுர மீட்டருக்கு அதிகமான நிலத்திலும் கட்டப்படும் கட்டடங்களே ரெரா சட்டத்தில் பதிவாக வேண்டும். நம் பகுதியில் சிறு மனைகளில் எழும் ஆறு வீட்டுக் கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குடியேற்றச் சான்றான ஓ.சி. இல்லாத கட்டடத்துக்கு மின்சார, தண்ணீர் இணைப்பும் வங்கிக் கடனும் தரக்கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கூறியது.

வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்கு எடுங்கள். அதில் பதிவான நடவடிக்கைகள் மட்டுமே வரும். உயில் பதிவாகியிருக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே அது தெரியாமல் போகலாம். மூலப் பத்திரங்களை நேரில் பார்க்கத்தான் வேண்டும்.

இவை பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும். பெரியவர்கள் தரகர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் இங்கு பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியும். கிரய பத்ர என்றால் கிரயப் பத்திரம். கந்தாய என்றால் வரி. சக்குபந்தி என்றால் நான்கெல்லை. ஹக்கு பிடுகடே பத்ர என்றால் விடுதலைப் பத்திரம். வம்சவிருட்ச என்றால் வாரிசு மரம். வக்கீலிடம் கொடுக்குமுன் வீட்டிலேயே ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

நான் சொன்ன தம்பதியில் அந்தப் பெண் அப்படித்தான் படித்தார். மனை, இறந்துபோன தந்தை பெயரில் இருந்தது. வம்சவிருட்சத்தில் இரண்டு மகன்கள், ஒரு மகள். விடுதலைப் பத்திரத்தில் இருந்ததோ தம்பியின் கையெழுத்து மட்டும். “அந்த அக்கா ஒண்ணும் கேக்கமாட்டாங்க” என்றார் தரகர். உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டமும், கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே சொல்கின்றன. பிதிரார்ஜித சொத்திலும் மகளுக்குப் பங்கு தரும் திருத்தத்தைக் கர்நாடகம் 1994லேயே செய்துவிட்டது. நாடு முழுவதற்கும் அது 2005ல் வந்தது.

தம்பதி முன்பணம் கொடுக்கவில்லை. அக்கா கோலார் தங்கவயலில் இருக்கிறார். அவர் தம் பங்குக்கு உரியதைப் பெற்றுக்கொண்டு சார்பதிவாளர் முன் கையெழுத்திட்ட பின்புதான் ஒப்பந்தம் என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குள் சீட்டும் முதிர்ந்துவிடும்.