கடைச் சிப்பந்திகளின் உடல்நலமும் நமது பொறுப்பும்

சரக்கில் ஈரம் ஏறாமலிருக்க மூட்டைக்கு அடியில் பலகை போடுகிறோம். தராசுக்குக் காலம் தவறாமல் முத்திரை வைக்கிறோம். அந்தச் சரக்கை நிறுத்துக் கொடுக்கும் சிப்பந்தியின் காலையும் முதுகையும் பற்றி எத்தனை பேர் யோசிக்கிறோம்?

உட்கார ஓர் இருக்கை

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் உள்ள இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்குகிறது. கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், இடுப்பு வலி ஆகியவை இதனால் வருகின்றன.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண் பணியாளர்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினர். 2018-இல் கேரள அரசு இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். ஆகவே முக்காலி போடுவது சலுகையல்ல, சட்டக் கடமை. பொட்டலம் கட்டுவது, பில் எழுதுவது போன்ற வேலைகளை உட்கார்ந்தே செய்யலாம்.

ஓய்வும் தண்ணீரும்

நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வும், வாரம் ஒரு நாள் விடுமுறையும் அதே சட்டம் சொல்வதுதான். கழிப்பிடம் இல்லாத கடையில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் கல்லடைப்பும் வர இதுவே வழி. பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தாவது ஒரு கழிப்பிடத்துக்கு ஏற்பாடு செய்யலாம்.

50 கிலோ மூட்டையை ஒருவர் தலையில் ஏற்றாமல் தள்ளுவண்டி வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் வற்றல் கொட்டி அளக்கும்போது மூக்கையும் வாயையும் மூடத் துணி கொடுங்கள்.

மனநலம்

வாடிக்கையாளர் முன்னிலையில் திட்டுவதைத் தவிருங்கள். தவறைத் தனியே அழைத்துச் சொன்னால் திருந்துவார்; பலர் முன் சொன்னால் மனம் ஒடிவார். கடன் தொல்லையாலும் குடும்பக் கவலையாலும் தூக்கமின்றித் தவிப்பவருக்கு, அரசின் இலவச மனநல ஆலோசனைத் தொலைபேசி எண் 14416-ஐச் சொல்லுங்கள். 2022 முதல் இது இயங்கி வருகிறது.

இ.எஸ்.ஐ.

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளில், வரம்புக்கு உட்பட்ட சம்பளக்காரர்களை இ.எஸ்.ஐ.யில் சேர்க்க வேண்டும். 2019 ஜூலையில் முதலாளி பங்கு 3.25 சதவீதமாகவும் தொழிலாளி பங்கு 0.75 சதவீதமாகவும் குறைக்கப்பட்டன. ரூ.15,000 சம்பளத்துக்கு இந்தக் கணக்கில் நம் பங்கு ரூ.487.50, அவர் பங்கு ரூ.112.50. இதில் குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. நோயில் படுத்தால், விதிகளுக்கு உட்பட்டு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

சரக்கின் தரமும் வாடிக்கையாளரின் முகமும் அறிந்த சிப்பந்தி போய்விட்டால், புதியவரைப் பழக்க மாதங்கள் ஆகும். அந்த இழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஒரு முக்காலியின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வாரமே உங்கள் கடையில் எத்தனை இருக்கைகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.