போத்தலில் உள்ள எழுத்தைப் பாருங்கள்: படகு எஞ்சின் ஒயில் பற்றிய ஏழு நம்பிக்கைகள்

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கிடைத்ததை வைத்துச் சமாளித்த அந்தத் திறமையை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் தட்டுப்பாட்டில் பிறந்த பழக்கங்கள் கடைகளில் எல்லாம் கிடைக்கிற இன்றைக்கும் தொடர்கின்றன. குருநகர், பாசையூர் தொடக்கம் மயிலிட்டி, பருத்தித்துறை வரை பைபர் படகின் பின்னால் தொங்குகிற எஞ்சின்தான் ஒரு குடும்பத்தின் மிகப் பெரிய முதலீடு. அதில் ஊற்றும் ஒயில் பற்றிய சில நம்பிக்கைகளை இங்கே சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: ரூ ஸ்ரோக் ஒயில் எல்லாம் ஒன்றுதான். மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் போடுவதையே படகுக்கும் போடலாம்.

உண்மை: மோட்டார் சைக்கிள் எஞ்சின் காற்றால் குளிர்கிறது, அதிக சூட்டில் ஓடுகிறது. அந்தச் சூட்டில் எஞ்சினைச் சுத்தமாக வைத்திருக்க அதன் ஒயிலில் உலோகம் கலந்த சுத்திகரிப்புப் பொருட்களைச் சேர்க்கிறார்கள். படகு எஞ்சினோ கடல்நீரால் குளிர்கிறது. சூடு குறைவு, ஆனால் மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓடும். அந்த ஓட்டத்தில் உலோகப் பொருள் சாம்பலாகிப் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படியும். படிந்த சாம்பல் தணலாகி, பிளக் பொறி விழும் முன்னரே எரிபொருளைப் பற்றவைக்கும். பிஸ்டன் ஓட்டையாவது இப்படித்தான். படகு ஒயிலில் சாம்பல் விடாத பொருட்களே உண்டு. அதன் அடையாளம் போத்தலில் உள்ள 'ரி.சி-டபிள்யூ 3' என்ற எழுத்து. அமெரிக்காவின் தேசியக் கடல்சார் உற்பத்தியாளர் சங்கம் சோதித்துக் கொடுக்கும் தரம் அது. நீலம், பச்சை என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒயில் எரிபொருளோடு கலந்துவிட்டதா என்று கண்ணுக்குத் தெரிவதற்குச் சேர்த்த சாயம்தான் அது.

நம்பிக்கை 2: ஒயிலைக் கொஞ்சம் கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது.

உண்மை: பழக்கப்பட்ட பல ரூ ஸ்ரோக் பெற்றோல் எஞ்சின்களுக்கு 50க்கு 1 என்பதே கணக்கு. 20 லீற்றர் பெற்றோலுக்கு 400 மில்லிலீற்றர் ஒயில் போதும். புது எஞ்சினைப் பழக்கும் முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் 25க்கு 1 கேட்பார்கள். அதற்குப் பிறகும் கூட்டி ஊற்றினால் கரி பிடிக்கும், பிளக் நனையும், பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். கண்மதிப்பில் ஊற்றுவதை விட்டு, அளவு போட்ட ஒரு சிறு போத்தலைப் படகிலேயே வைத்திருங்கள்.

நம்பிக்கை 3: மண்ணெண்ணெயே எண்ணெய்ப் பசை உள்ளது, அதில் ஒயிலைக் குறைக்கலாம்.

உண்மை: 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயாக ஏறியது. அப்படியொரு அடி விழுந்தவர் ஒயிலிலாவது மிச்சம் பிடிக்க நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் கையில் வழுக்குகிற மண்ணெண்ணெய் பெயாரிங்கைக் காப்பாற்றாது. அது பெற்றோலை விட மெதுவாக ஆவியாவதால், எரியாத பங்கு உள்ளேயே தங்கி ஒயில் படலத்தைக் கரைக்கும். எனவே மண்ணெண்ணெய் எஞ்சினுக்குக் கையேடு சொல்லும் அளவில் ஒரு சொட்டும் குறைக்கக் கூடாது. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்தும் முன் மறுபடி பெற்றோலில் சற்று ஓடவிடுவதும் அந்த எஞ்சினின் ஆயுளைக் கூட்டும்.

நம்பிக்கை 4: ஃபோர் ஸ்ரோக் எஞ்சினில் ஒயில் கறுத்துவிட்டால் அது மட்டமான ஒயில்.

உண்மை: நல்ல ஒயில் கறுக்கத்தான் செய்யும். கரியைப் படியவிடாமல் தன்னோடு சுமப்பது அதன் வேலை. பயப்பட வேண்டியது வெண்மைக்கு. ஒயில் வெளுத்துக் குழம்பினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அளவு தானாகக் கூடி, பெற்றோல் மணமும் அடித்தால் எரிபொருள் கலந்திருக்கிறது. வலை வளைக்கும் நேரமெல்லாம் எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருப்பதால் இது நடக்கலாம். கடல் எஞ்சினுக்கான ஒயிலில் 'எஃப்.சி-டபிள்யூ' என்ற எழுத்து இருக்கும். உப்புக்காற்றில் துருவைத் தடுக்கிறதா, உயர்ந்த வேகத்தில் தடிப்பை இழக்காமல் இருக்கிறதா என்று சோதித்த ஒயில் அது. சில கையேடுகள் குறிப்பிட்ட தரமுள்ள கார் ஒயிலையும் ஏற்கும். முடிவு கையேட்டுடையது, கடைக்காரருடையது அல்ல.

நம்பிக்கை 5: கியர் ஒயில் 90 என்றால் எஞ்சின் ஒயில் 40ஐ விட இரு மடங்கு தடிப்பு.

உண்மை: இரண்டும் இரு வேறு அளவுகோல்கள். கியர் ஒயில் 90 உண்மையில் எஞ்சின் ஒயில் 40, 50க்குக் கிட்டிய தடிப்பே. வேறுபாடு உள்ளே சேர்க்கும் பொருளில் இருக்கிறது. கியர்ப் பற்கள் ஒன்றையொன்று நசுக்கும் அழுத்தத்தைத் தாங்கும் பொருள் எஞ்சின் ஒயிலில் இல்லை. 'ஜி.எல்-4', 'ஜி.எல்-5' என்ற எழுத்துகள் சொல்வது அந்தத் தாங்கும் சக்தியை. உங்கள் எஞ்சினுக்கு எது எனக் கையேட்டில் பார்த்து அதையே வாங்குங்கள். படகுக்கென்றே செய்த கியர் ஒயிலில் துருத் தடுப்பும் கூடுதலாக உண்டு.

நம்பிக்கை 6: கியர் ஒயில் எரிவதில்லை, ஒருமுறை ஊற்றினால் எஞ்சின் உள்ளவரை கிடக்கும்.

உண்மை: எஞ்சின்களைக் கெடுக்கும் நம்பிக்கை இது. கியர்ப் பெட்டி முழு நேரமும் கடலுக்குள் இருக்கிறது. கடலில் மிதக்கும் தங்கூசித் துண்டு ஒன்று சுற்றிக்கொண்டால் போதும்; புரொப்பெல்லருக்குப் பின்னால் நுழைந்து, சுழலச் சுழல ஒயில் சீலை அறுக்கும். அறுந்த வழியாக உப்புநீர் உள்ளே போகும்.

சோதிப்பது எளிது. எஞ்சினை நிமிர்த்தி ஓரிரவு விட்டு, காலையில் கீழ்த் திருகாணியைச் சற்றே தளர்த்துங்கள். கடல்நீர் ஒயிலை விடப் பாரமானது. உள்ளே தங்கியிருந்தால் முதலில் சொட்டுவது அதுதான். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்து அடிபட்டுவிட்டது என்று பொருள். அப்போது ஒயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. புரொப்பெல்லரைக் கழற்றி நூலை எடுத்து, ஒயில் சீலையும் மாற்ற வேண்டும். திருகாணியில் மெல்லிய உலோகப் பசை இருப்பது வழமை. துண்டுகள் இருந்தால் உடனே மெக்கானிக்கிடம் போங்கள். புது ஒயிலைக் கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையால் வழியும்வரை நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டுப் பெட்டி அரைகுறையாகத்தான் நிரம்பும். திருகாணி வாஷர்களையும் மாற்றுங்கள். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

நம்பிக்கை 7: பழைய ஒயிலைக் கரையில் கொட்டினால் கடல் அள்ளிக்கொண்டு போய்விடும்.

உண்மை: களப்பில் கொட்டியது இறாலும் நண்டும் வளரும் இடத்திலேயே தங்கும். நிலத்தில் கொட்டியது சுண்ணாம்புக்கல் இடுக்குகளால் கிணற்றுக்கு இறங்கும். எண்ணெய் கலந்த கிணறு என்றால் என்ன என்பதைச் சுன்னாகம் மக்கள் அனுபவித்தார்கள். அது தொடர்பாகத் தொடுத்த வழக்கில் அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூடியுள்ள கலனில் பழைய ஒயிலைச் சேர்த்து, அதை எடுக்கும் கராஜிடம் கொடுங்கள்.

வாடை அடிக்கும் மாதங்களில் பருத்தித்துறைக்கு வெளியே எஞ்சின் நின்றால் அலையும் நீரோட்டமும் படகைத் தங்கள் போக்கில் கொண்டுபோகும். ஒயிலில் பிடித்த சில நூறு ரூபாய் மிச்சத்துக்கு அங்கே மதிப்பில்லை. விலை பாரமென்றால் தரம் குறைந்த ஒயிலுக்கு இறங்காதீர்கள். உங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் மூலம் சேர்ந்து மொத்தமாக வாங்குங்கள். கையேடு தொலைந்திருந்தால் எஞ்சினின் மொடல் எண்ணைக் குறித்துக்கொண்டு முகவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் தர எழுத்துகளை எஞ்சின் மூடியின் உட்பக்கத்தில் அழியாத மையால் எழுதி வையுங்கள். அடுத்தமுறை கடைக்குப் போவது மகனோ மருமகனோ ஆனாலும் சரியான போத்தலே வீட்டுக்கு வரும்.