நுனியில் ஒரு கிராம்: தூண்டில் கழிக்குப் பொருள் தேர்வது எப்படி?

ஒரு கிலோ எடையுள்ள மீன் தூண்டிலில் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் கழியின் நுனியைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 10 நியூட்டன். கழியின் நீளம் 2.1 மீட்டர். அடிப்பகுதியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அங்கிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கையால் தூக்குகிறீர்கள். கழி வளையாமல் நேராகவே இருந்தால் அந்தக் கை எவ்வளவு விசை கொடுக்க வேண்டும்?

உயர்நிலை மூன்றில் ‘மொமெண்ட்’ என்று படிக்கும் திருப்புத்திறன்தான் இது. விசையைத் தூரத்தால் பெருக்குங்கள்: 10 × 2.1 = 21. அதை 0.3ஆல் வகுத்தால் 70 நியூட்டன். ஒரு கிலோ மீனுக்கு ஏழு கிலோவைத் தூக்கும் உழைப்பு! பல நெம்புகோல்கள் நமக்கு உதவுகின்றன. தூண்டில் கழியோ நமக்கு எதிராகவே வேலை செய்யும் நெம்புகோல். அது வளைவதற்கு ஒரு காரணம் இதுதான். வளைந்தால் மீனுக்கும் கைக்கும் இடையே உள்ள கிடைமட்டத் தூரம் குறையும். கைக்கு வரும் சுமையும் குறையும்.

கடையில் ஆயத்தமாக விற்கும் கழியை வாங்காமல், பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தாங்களே பொருத்திக்கொள்பவர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பாகங்கள் ஐந்தாறுதான்: வெற்றுக் கழி (பிளாங்க் என்பார்கள்), தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள், ரீலைப் பிடித்துக்கொள்ளும் ரீல் சீட், கைப்பிடி, வளையங்களைக் கட்டும் நூல், அந்த நூலின்மேல் பூசும் எபாக்ஸி. இவற்றில் எதற்குப் பணத்தைக் கொட்டுவது, எதில் மிச்சம் பிடிப்பது? மேலே செய்த கணக்கையே கொஞ்சம் நீட்டினால் விடை கிடைக்கும்.

250 கிராம் ரீல் ஒன்று உங்கள் பிடியிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் திருப்புத்திறன் 2.5 × 0.02 = 0.05 நியூட்டன் மீட்டர். இப்போது கழியின் நுனியில், பிடியிலிருந்து 1.8 மீட்டர் தூரத்தில், வெறும் 3 கிராம் கூடுதலாக இருக்கட்டும். 0.03 × 1.8 = 0.054. நுனியில் இருக்கும் 3 கிராமும் கைக்கருகே இருக்கும் 250 கிராமும் கைக்கு ஒன்றுதான்.

சும்மா பிடித்திருக்கும்போதுதான் இந்த நிலை. வீசும்போது இன்னும் மோசம். சுழலும் பொருளை வேகப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பது தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நுனியில் உள்ள 3 கிராமுக்கு 3 × 180 × 180. ரீலுக்கு 250 × 2 × 2. இரண்டையும் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 97 மடங்கு வரும். கடைக்காரர் எடை குறைந்த ரீலைக் காட்டி அதிக விலை சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் செலவு வெற்றுக் கழிக்கு, அடுத்தது நுனிப்பக்க வளையங்களுக்கு. கைப்பிடியும் ரீல் சீட்டும் கடைசியில்.

கழிக்கான பொருளைப் பார்ப்போம். பொங்கலுக்குக் கேம்பல் லேனில் கட்டுக் கட்டாகக் கரும்பு விற்பார்களே, அதைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். கரும்பு உள்ளே நிறைந்தது. மூங்கில் உள்ளே வெற்றிடம். ஒரு குச்சி வளையும்போது அதன் மேற்பரப்புதான் அதிகம் இழுபடுகிறது, அதிகம் அமுங்குகிறது. நடுப்பகுதிக்கு வேலை குறைவு. அதனால் நடுவே இருப்பதை எடுத்துவிட்டால் எடை வெகுவாகக் குறையும், விறைப்பு கொஞ்சமே குறையும். மூங்கிலில் இன்னொரு வசதியும் உண்டு: அதன் நார்கள் வெளிப்புறச் சுவரில்தான் நெருக்கமாக இருக்கின்றன. பழைய காலத்துக் கைவினைஞர்கள் அந்த வெளிச்சுவரை மட்டும் முக்கோணக் கீற்றுகளாகச் சீவி, ஆறு கீற்றுகளை ஒட்டி அறுகோணக் கழி செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அதற்குப் பயன்பட்ட மூங்கிலுக்குக் ‘கல்கத்தா கேன்’ என்றே பெயர். பிறகு சீனாவின் குவாங்டோங் மாநிலத்து மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது.

1940களில் அமெரிக்காவில் ஆர்தர் ஹோவால்ட் என்பவர் கண்ணாடி இழையால் கழி செய்யும் முறையை உருவாக்கினார். ஷேக்ஸ்பியர் என்ற நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. (நாடக ஆசிரியருக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 1970களில் கரிம இழைக் கழிகள் வந்தன. இன்று கடைகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான்.

எது நல்லது? விறைப்பை அடர்த்தியால் வகுத்துப் பார்க்க வேண்டும். எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 7.8 கிராம், வகுத்தால் ஏறத்தாழ 26. கண்ணாடி இழைக்கு 72, 2.55, வகுத்தால் 28. சாதாரணக் கரிம இழைக்கு 230, 1.8, வகுத்தால் 128. எஃகும் கண்ணாடி இழையும் கிட்டத்தட்ட ஒன்று, கரிம இழையோ நான்கு மடங்குக்கும் மேல். இவை தனி இழைகளின் எண்கள். பிசினோடு சேர்த்துக் கழியாகச் செய்தபின் எல்லாமே குறையும். ஆனாலும் கரிம இழைதான் முன்னே நிற்கும்.

இதைப் படித்துவிட்டு உடனே விலை உயர்ந்த கரிமக் கழியைத் தேடி ஓடாதீர்கள். உடைவதற்கு முன் கண்ணாடி இழை தன் நீளத்தில் 4 விழுக்காட்டுக்கும் மேல் நீளும். கரிம இழை 1.5 விழுக்காடு அளவிலேயே அறுந்துவிடும். கதவில் இடித்தாலும் தம்பி மிதித்தாலும் கண்ணாடிக் கழி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கரிமக் கழியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தால், அடுத்த முறை அது வளையும்போது அங்கேயே முறியும். முதல் கழியைச் செய்யும் மாணவருக்கு நான் சொல்வது கண்ணாடி இழை, அல்லது இரண்டும் கலந்த கழி. கொஞ்சம் கனமாக இருக்கும், பரவாயில்லை.

உயரமான படகுத்துறையில் நின்று பிடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீருக்குள் மீனின் எடையை மிதப்பு விசை தாங்கிக்கொள்கிறது. உங்கள் கழி எதிர்ப்பது அது இழுக்கும் விசையை மட்டும்தான். தண்ணீரைவிட்டு வெளியே வந்த நொடியில் முழு எடையும் நுனியில் தொங்கும். அப்போது கழியைச் செங்குத்தாகத் தூக்கினால் வளைவு முழுவதும் மெல்லிய நுனிப்பகுதியில் குவிந்துவிடும். பல கழிகள் உடைவது அப்படித்தான். கயிற்றில் கட்டி இறக்கும் வலை ஒன்று இருந்தால் கழியும் பிழைக்கும்.

கழியில் அச்சிட்டிருக்கும் ‘மீடியம்’, ‘ஹெவி’ என்ற சொற்களை நம்பி வாங்க முடியாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஹெவியாக இருக்கும். வில்லியம் ஹேனிமன் என்ற அமெரிக்கர் இதற்கு எளிய வழி ஒன்றைச் சொன்னார்: கழியைக் கிடைமட்டமாகப் பொருத்தி, நுனியில் பை ஒன்றைத் தொங்கவிட்டு, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி தாழும்வரை ஒரு சென்ட் நாணயங்களைப் போட்டுக்கொண்டே இருங்கள், எத்தனை நாணயம் என்பதுதான் அந்தக் கழியின் வலிமை. அமெரிக்க சென்ட் 2.5 கிராம். 2013இல் வெளிவந்த நம்முடைய 10 காசு நாணயம் 2.36 கிராம். ஆகவே நாமும் செய்யலாம். கழியின் அடிப்பகுதியில் 30 சென்டிமீட்டரை மேசையோடு அழுத்திப் பிடித்தால் 1.8 மீட்டர் வெளியே நீட்டியிருக்கும். நுனி 60 சென்டிமீட்டர் தாழ்ந்ததும் நிறுத்துங்கள். பையின் எடையையும் சேர்க்க மறக்க வேண்டாம். இதை வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். சன்னலுக்கு வெளியே ஒருபோதும் கழியை நீட்டக் கூடாது.

அடுத்தது வளையங்கள். ஒவ்வொரு வளையமும் ஓர் உலோகச் சட்டம், அதற்குள் வழவழப்பான பீங்கான் வளையம். பீங்கான் எதற்கு? மீன் வேகமாக ஓடும்போது நரம்பு வளையத்தில் உராய்ந்து வெப்பம் உண்டாகிறது. பின்னல் நரம்புகள் பெரும்பாலும் ஒரு வகைப் பாலிஎத்திலீன். சுமார் 145 டிகிரி செல்சியசில் உருகிவிடும். வெப்பம் ஓரிடத்தில் தேங்காமல் பரவ வேண்டும். அலுமினியம் ஆக்சைடு வளையம் அந்த வேலையை ஓரளவு செய்கிறது. சிலிக்கன் கார்பைடு இன்னும் நன்றாகச் செய்கிறது, விலையும் அதிகம். பிடோக் நீர்த்தேக்கத்தில் அரைக் கிலோ பீகாக் பாஸ் பிடிக்க அலுமினியம் ஆக்சைடே போதும் என்பது என் கருத்து. அந்தக் காசில் நுனிப்பக்கத்துக்குச் சிறிய, எடை குறைந்த வளையங்களாகப் பார்த்து வாங்குங்கள். காரணம், மேலே போட்ட கணக்கு.

கடலோரம் போகிறவர்கள் சட்டத்தின் உலோகத்தையும் பார்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன்மேல் படிந்திருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு. கடல்நீரின் குளோரைடு அயனிகள் அதை ஓட்டை போடும். 316 வகை எஃகில் சேர்ந்திருக்கும் மாலிப்டினம் அதை ஓரளவு தடுக்கும். எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். பழைய வளையங்களை மீண்டும் பயன்படுத்துவதாக இருந்தால், காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு நூல் சிக்கினால் பீங்கானில் விரிசல். அது நரம்பை அறுத்துவிடும்.

எத்தனை வளையம், எங்கே? கழியின் அடி அளவுக்கு ஒன்று என்ற பழைய கணக்கில் தொடங்கலாம். முதலில் ஒட்டுநாடாவால் தற்காலிகமாக ஒட்டி, நரம்பைக் கோத்து இழுங்கள். கழியின் வளைவோடு நரம்பும் வளைந்து சென்றால் சரி. இரண்டு வளையங்களுக்கு நடுவே நரம்பு நேர்கோடாகக் குறுக்கே பாய்ந்தால் இடத்தை மாற்றுங்கள்.

கைப்பிடியில் தக்கையா இவிஏ நுரையா என்பது ரசனை. இரண்டும் எடை குறைந்தவை.

கருவிகளுக்கு அதிகம் செலவாகாது. 0.1 கிராம்வரை காட்டும் சிறிய தராசு, அளவுநாடா, ரீல் சீட்டின் உட்புறத்தைத் தேய்க்க வட்ட அரம், கழியின் விட்டத்தை அளக்க வெர்னியர் காலிப்பர். ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புக் கடைகளில் அரம் கிடைக்கும். நூல் சுற்ற இயந்திரம் தேவையில்லை: அட்டைப்பெட்டியின் இரு பக்கங்களிலும் ‘வி’ வடிவில் வெட்டிக் கழியை அதில் கிடத்துங்கள், நூலைக் கனமான பாடப்புத்தகத்தின் நடுவே விட்டு இழுத்தால் ஒரே சீரான இழுவிசை கிடைக்கும்.

எபாக்ஸி பூசியபின் கழியை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் புவியீர்ப்பால் பூச்சு கீழ்ப்பக்கம் திரண்டு தொங்கும். சிம் லிம் டவரில் உள்ள மின்னணு உதிரிபாகக் கடைகளில், பற்சக்கரம் பொருத்திய குறைந்த மின்னழுத்த மோட்டார் கேளுங்கள். நிமிடத்துக்குப் பத்துச் சுற்று இருந்தாலே போதும். பழைய மைக்ரோவேவ் அடுப்பைக் கழற்றி மோட்டார் எடுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கி உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டத்தை வைத்திருக்கலாம்.

எபாக்ஸியில் பிசினும் கடினமாக்கியும் சரியான விகிதத்தில் சேர வேண்டும். ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று போட்டிருந்தால் இரண்டு ஊசிக்குழாய்களில் சம அளவு எடுங்கள், கண்ணளவு வேண்டாம். ஒன்று கூடினால் இணை கிடைக்காத மூலக்கூறுகள் மிஞ்சும். பூச்சு என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும். இது வெப்பம் விடும் வினை. குவளையில் குழம்பாக விட்டுவைத்தால் சூடேறிச் சீக்கிரம் இறுகும். அலுமினியத் தாளில் பரப்பினால் வெப்பம் வெளியேறி, வேலை செய்ய நேரம் கிடைக்கும். கடினமாக்கி தோலில் பட்டால் ஒவ்வாமை வரக்கூடும். நைட்ரைல் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கச் செய்யுங்கள்.

எங்கே பயன்படுத்தலாம்? நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துள்ள இடங்களில் மட்டும், அதுவும் செயற்கை இரையால் மட்டும். கரிம இழை மின்சாரத்தைக் கடத்தும் என்பதும் நினைவிருக்கட்டும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாட்களுக்கும் மேல் இடி முழங்குகிறது. திறந்த வெளியில் இரண்டு மீட்டர் கரிமக் கழியை நிமிர்த்திப் பிடித்து நிற்பவர், இடியோசை கேட்டதும் கழியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். வீட்டில் ஏதாவது ஒரு பழைய கழி இருந்தால் போதும். அடிப்பகுதியை மேசையோடு அழுத்திப் பிடித்து, நுனியைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள். கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்து, 5 விநாடியில் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு நுனியில் ஒரு 10 காசு நாணயத்தை ஒட்டி மீண்டும் எண்ணுங்கள். அதே நாணயத்தை நடுவில் ஒட்டி, கைப்பிடிக்கு அருகில் ஒட்டி, ஒவ்வொரு முறையும் எண்ணி வரைபடம் போடுங்கள். நாணயத்தின் தூரம் கிடை அச்சில், ஆட்ட எண்ணிக்கை செங்குத்து அச்சில். கோடு நேராக வருகிறதா, நுனியை நெருங்க நெருங்கச் சரிகிறதா என்று பாருங்கள்.