பொதிகளில் வரும் பாட்டு

நுழையும்முன்

இசைத்தட்டும் ஒலிநாடாவும் இருந்த வீடுகளில் இன்று இணையத்தின் வழியே பாட்டு ஒலிக்கிறது. பாட்டைக் கொண்டுவரும் கருவிகளை விலையுயர்ந்தவையாக மாற்றினால் பாட்டின் இனிமையும் கூடுமா? செவி ஒன்று சொல்ல, கணக்கு வேறொன்று சொல்லுமிடத்தில் எதனை நம்புவது?

பழைய நம்பிக்கை

வீட்டில் இசை கேட்பதில் ஆர்வம் மிக்கோர் முன்பு ஒலிபெருக்கியையும் இசைத்தட்டின் முள்ளையும் மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தனர். தட்டின் பள்ளத்தில் முள் அசையும் ஒவ்வோர் அசைவும் ஒலியாக மாறியது. ஆதலின் முள் தேய்ந்தால் பாட்டும் தேய்ந்தது. தட்டைச் சுழற்றும் மோட்டார் தடுமாறினால் சுருதியும் தடுமாறியது. கருவி செம்மையுற்றால் ஒலியும் செம்மையுறும் என்னும் அவர்தம் நம்பிக்கை பட்டறிவில் விளைந்தது.

அந்நம்பிக்கையே இன்று ரௌட்டர், சுவிட்ச், வலையமைப்புக் கம்பி ஆகியவற்றின்மீதும் படர்ந்துள்ளது. ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் சுவிட்ச் செய்யும் அதே பணிக்கு, இசைக்கென்றே செய்யப்பட்டவை என்னும் பெயரோடு இலட்சம் ரூபாயைத் தாண்டிய சுவிட்சுகளும் விற்பனையில் உள்ளன. வாங்கியோர் பலர், வீணையின் நாதம் தெளிந்தது என்றும் பாடகரின் மூச்சும் கேட்கிறது என்றும் மனமாரக் கூறுகின்றனர். அவர்கள் பொய் உரைப்பதாகக் கொள்ளுதல் ஆகாது.

எண்ணாக மாறிய ஒலி

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் கொண்ட எண்ணாகக் குறித்தது. இடம், வலம் என்னும் இரு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆயின. இணையவழிப் பாட்டும் எண்களாகவே வருகிறது. பெரும்பாலும் சுருக்கப்பட்டு இதனினும் குறைந்த அளவில் வருகிறது. நொடிக்குச் சில கோடி பிட்டுகளைச் சுமக்கவல்ல வீட்டு இணைப்புக்கு இது பெருஞ்சுமையன்று.

இவ்வெண்கள் ஒரே ஒழுக்காக வருவதில்லை. பொதுவாக 1,500 பைட்டுகளுக்கு மிகாத பொதிகளாகப் பிரிந்து வருகின்றன. வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது டிசிபி என்னும் நெறிமுறை. அதன்படி ஒவ்வொரு பொதியும் தன் வரிசையைக் காட்டும் எண்ணையும், தன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணையும் உடன் கொண்டுவருகிறது.

தமிழ் ஏடுகளைப் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாக அமையும் அந்தாதியில் ஏடு முறைமாறினால் உடனே தெரிந்துவிடும். புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை என்பதை அறிய முடிந்ததும், தொகை நானூறு என்று வரையறுக்கப்பட்டு, பாடல்கள் எண்ணிட்டு வைக்கப்பட்டிருந்தமையால்தான். வேறுபாடு ஒன்றுண்டு. பதிப்பாசிரியர்க்குத் தொலைந்த ஏட்டை எழுதியவரிடமே மீண்டும் கேட்டுப் பெறும் வழியில்லை. டிசிபியோ பழுதுற்ற பொதியைத் தள்ளிவிட்டு, அனுப்பிய இடத்திலிருந்து மறுபடி வருவிக்கிறது. ஆதலின் பாட்டு அனுப்பியவாறே வந்து சேரும், இயலாதபோது நின்றுபோகும். தப்பித்தவறிப் பிழை நுழைந்தாலும் அது வெடிப்பொலியாகவோ இடைவெளியாகவோ கேட்குமேயன்றி, வீணையின் நாதத்தை மட்டும் மங்கச் செய்யாது.

கம்பியைப் பிடுங்கினால்

பொதிகள் முன்பின்னாக, சீரற்ற இடைவெளியில் வருவதால் தாளம் கெடாதா என வினவலாம். வந்த பொதிகள் நேரே செவிக்குச் செல்வதில்லை. இசைக்கருவியின் நினைவகத்தில் முதலில் தேங்குகின்றன. மழை விட்டு விட்டுப் பெய்தாலும் மதகு திறந்த அளவுக்கே வாய்க்காலில் நீர் பாய்வதுபோல, எண்களை ஒலியாக்கும் கருவி தன் படிகக் கடிகாரத்தின் சீரான துடிப்புக்கேற்ப அங்கிருந்து அவற்றை எடுத்துக்கொள்கிறது.

இதனை எவரும் வீட்டிலேயே காணலாம். பாட்டு ஒலிக்கும்போது வலையமைப்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டாலும் பாட்டு உடனே நிற்பதில்லை. கருவிக்கேற்பச் சில நொடிகளோ, சிலவற்றில் அப்பாட்டு முடியும்வரையோ அது தொடர்கிறது. அந்நேரத்தில் சுவிட்ச் பாட்டுக்கு எப்பணியும் ஆற்றவில்லை. அதுவரை நாதத்தைத் தெளிவித்தது சுவிட்ச்தான் எனின், பிடுங்கிய கணத்தில் நாதம் மாறியிருக்க வேண்டும்.

கருவியை மாற்றுவது பயன்தரும் இடங்களும் உள. அலைவரிசை எட்டாத அறையில் பாட்டு அடிக்கடி நின்றால் நல்ல ரௌட்டர் அக்குறையை நீக்கும். இணைப்பின் வேகம் குறையும்போது சில சேவைகள் மிகுதியாகச் சுருக்கிய பாட்டை அனுப்பும். வேகம் கூடினால் நிறைந்த பாட்டு வரும். உலோக உறையிட்ட கம்பி இரு கருவிகளை மின்வழியிலும் இணைத்துவிடுவதால், செம்மையாக வடிவமைக்கப்படாத கருவியில் மெல்லிய உறுமல் எழுதலும் கூடும். எதிர்த்தரப்பாரின் வாதங்களுள் வலிமை மிக்கது இதுவே. எனினும் அவ்வுறுமல் அளவுகருவியில் அகப்படுவது. உறையில்லாக் கம்பியே பெரும்பாலும் அதனைத் தீர்த்துவிடும். அதற்கு இலட்சம் ரூபாய் வேண்டா.

செவியைச் சோதித்தல்

பெருவிலை கொடுத்தவர் அதற்கேற்ற ஒலியை எதிர்பார்த்து, முன்னினும் கூர்ந்து கேட்கிறார். கூர்ந்து கேட்குங்கால் முன்பும் இருந்து கவனத்தில் படாத மூச்சொலி புலப்படுகிறது. கேட்டது மெய், காரணம் கூறியதே பிழை. இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. எந்தச் சுவிட்ச் இணைக்கப்பட்டுள்ளது என்பது கேட்பவர்க்கும், விடையைக் குறிப்பவர்க்கும் தெரியாதவாறு மூன்றாமவர் ஒருவர் நாணயம் சுண்டி மாற்றுகிறார். கேட்பவர் பத்து முறை கூறவேண்டும். ஏழு சரியாயின் வியக்க வேண்டுவதில்லை. வெறும் ஊகத்தாலேயே ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் ஏழோ அதற்கு மேலோ பெறுவர். பத்தும் சரியாக அமைய ஊகத்துக்குள்ள வாய்ப்பு 1,024இல் ஒன்றே. அவ்வாறு ஒருவர் பத்தையும் மீண்டும் மீண்டும் சரியாகக் கூறுவாராயின், மேற்கூறிய விளக்கமனைத்தையும் திரும்ப ஆராய வேண்டியதே முறை.

அதே சோதனையை ஒலிபெருக்கிக்கும் செய்து பார்க்கலாம். அறையின் மூலையில் கிடப்பதைச் சுவர்களிலிருந்து மூன்றடி முன்னே நகர்த்தினால், மிருதங்கத்தின் தொப்பி ஒலி மாறுவதை அளவுகருவியும் காட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்பவரும் கூறுவார். நகர்த்தச் செலவு ஏதுமில்லை.