பளுவில் தாழும் வோல்டேஜ்



பயாஸில் 1.30 வோல்ட் வைத்தும், பளு ஏறியவுடன் பிராசஸருக்கு 1.24 மட்டுமே போய்ச் சேருகிறதென்றும், மதர்போர்டு பழுதோ என்று சந்தேகித்து அந்தத் தாழ்வை ஈடுசெய்யும் லோடு லைன் காலிபரேஷனை உச்சத்துக்கு ஏற்றிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். இந்தத் தாழ்வைக் கோளாறென்று கருதும் அபிப்பிராயம் ஓவர்கிளாக் செய்யும் இளைஞரிடையே வேரூன்றிக் கிடப்பது எனக்கு மிகுந்த விசனம் தருகிறது. அத்தாழ்வு பொறியியலார் வேண்டுமென்றே அமைத்துவைத்த பாதுகாப்பு.

ஒரு மில்லி ஓம் தடை இருப்பதுபோல் நடந்துகொள்ளுமாறு வகுக்கப்பட்ட மின்வழியில் 60 ஆம்பியர் பாயும்போது 0.06 வோல்ட் குறையத்தானே வேண்டும்? அந்தப் பளு திடீரென நீங்கும் க்ஷணத்தில், பிராசஸர் வேண்டாமென்று விட்ட மின்னோட்டத்தை மின்வழியிலுள்ள சுருள்கள் உடனே நிறுத்த இயலாமல் மின்தேக்கிகளுக்குள் தள்ள, மின்னழுத்தம் துள்ளி எழுகிறது. 1.24-இலிருந்து துள்ளினால் பெரும்பாலும் 1.30-க்குள் அடங்கிவிடும்; நீ செய்தபடி பளுவிலும் 1.30-ஐயே இறுகப் பிடித்து நிறுத்தினாலோ, எல்லையைக் கடந்தே தீரும். மைக்ரோ வினாடிகளில் தோன்றி மறையும் அவ்வுச்சம், வினாடிக்கொருமுறை அளவு காட்டும் உன் மென்பொருளில் தென்படாது, ஆஸிலாஸ்கோப்பில்தான் புலனாகும். திரையில் எண் அசையாதிருப்பதைக் கண்டு ஸ்திரமென்று மகிழ்வது வெறும் பிரமை.

வோல்டேஜைக் கூட்டுவதால் வரும் வெப்பமோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் வேகத்தையும் ஒட்டி ஏறுவது. 4.0 கிகாஹெர்ட்ஸை 4.4 ஆக்குவதற்காக 1.20 வோல்ட்டை 1.40 ஆக்கினால், பத்து சதவீத வேகத்துக்கு ஏறக்குறைய ஐம்பது சதவீத வெப்பம் விலையாகிறது.

விளையாட்டு இரண்டு மணி நேரம் தடையின்றி ஓடிற்று என்கிறாய், அது ஸ்திரத்துக்கு நிரூபணமாகாது. பிரைம்95-ஐ ஓட்டு. அது, 2-இன் ஓர் அடுக்கில் ஒன்று குறைந்தவையான மெர்சேன் பகா எண்களைத் தேடுவதற்கென்று பிறந்த மென்பொருள். ஒரு கணக்குப் பிசகினாலும் நெடுநாள் உழைப்பு வீணாகும் தேடலாதலால், அம்மென்பொருள் தன் விடைகளைத் தானே பரீட்சித்து, பிழை கண்டவுடன் நின்றுவிடுகிறது. கணினி நின்றுபோகாமலே கணக்குப் பிசகுவதுண்டு என்பதை நீ அதில் கண்ணாரக் காணலாம்.

காலிபரேஷனை இன்றே நடுப்படிக்கு இறக்கு. பிழை வந்தால், வோல்டேஜில் கை வைக்குமுன் மெமரியை வேகப்படுத்தும் எக்ஸ்எம்பியை அணைத்து, குற்றம் மெமரியினுடையதா என்று பார். அல்லவென்று தெளிந்தபின் 0.01 வோல்ட் வீதம் கூட்டு. அதற்கும் அடங்காவிடில் வேகத்தில் 100 மெகாஹெர்ட்ஸைக் குறைத்துவிடத் தயங்காதே. பளுவில் கண்ட வோல்டேஜையும் வெப்பத்தையும் குறித்து எனக்கு எழுது.